அக்டோபர் 31 ராத்திரி வாசல் விளக்கை எரிய விடலாமா?

2024 அக்டோபர் 7 – கேள்வி

கனடாவில் டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரத்துப் பக்கம் வாடகை வீட்டுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அக்டோபர் 31 ராத்திரி ஹாலோவீனாம், பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்களாம். வேண்டாமென்றால் வாசல் விளக்கை அணைத்துவிட்டால் போதும், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஆனால் இந்த வருஷம் அன்றைக்குத்தான் தீபாவளி. தீபாவளியும் அதுவுமாக வாசலை இருட்டாகப் போட என் மனைவிக்கு மனசில்லை. விளக்கு வைத்தாலோ பேய் வேஷத்தில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். நல்ல நாளில் இது வேண்டுமா? வீடு வீடாகப் போய்க் கேட்பது பிச்சை எடுக்கிற மாதிரியும் படுகிறது. இங்கே பல வருஷம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 7, ராத்திரி – பதில்

எரிய விடுங்கள் தம்பி. தீபாவளிக்காக எரிய விட்டாலும் சரி, இதற்காக எரிய விட்டாலும் சரி.

விளக்கு விஷயம் நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் அடுத்த வீடு. மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அணைந்திருக்கும் வீட்டை யாரும் குறையாக நினைப்பதில்லை. வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருப்பார், வேலைக்குப் போயிருப்பார், பிடிக்காமலும் இருக்கும். அதனால் உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இருந்தாலும் எரிய விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நேரம்: அன்றைக்கு இங்கே சூரியன் அடைவது ஆறு மணி தாண்டி. அஞ்சரைக்கே அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சின்னஞ்சிறுசுகள் வந்துவிடும். ஆறரையிலிருந்து ஏழரை வரை நிற்க நேரமிருக்காது. எட்டு மணிக்கு மேல் வருவது பெரிய பிள்ளைகள். ஒன்பதுக்கு விளக்கை அணைத்துவிடலாம்.

எத்தனை பேர் வருவார்கள் என்பது தெருவுக்குத் தெரு மாறும். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் போன வருஷம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள். புதிதாகக் குடிவந்தவருக்குப் பேச்சுத் தொடங்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

அக்டோபர் 8

பிச்சை என்று எழுதியதற்குப் பதில் சொல்லாமல் விட்டது ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

எனக்கு ஊர் உடன்குடி பக்கம். இப்போது குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரப்பட்டினத்தில் தசரா நடந்துகொண்டிருக்கிறது. தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, காப்புக் கட்டி, வேஷம் போட்டு வீடு வீடாகப் போய்க் காணிக்கை கேட்பது அங்கே நேர்த்திக்கடன். காளி வேஷம், குரங்கு வேஷம், குறவன் குறத்தி, ராஜா, போலீஸ் என்று ஊர் முழுக்க வேஷம். பிச்சைக்காரர் வேஷமும் உண்டு. வசதியான வீட்டு ஆள் கிழிந்த சட்டை போட்டுக்கொண்டு தட்டு ஏந்தி நிற்பார். மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் வருஷா வருஷம் காளி கட்டுவார். முதுகில் கட்டிய மரக் கைகளின் பாரத்தில் அவர் நிமிர முடியாமல் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பார். குடிக்கும்போது சிவப்புச் சாயம் தம்ளர் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். அம்மா அந்தத் தம்ளரை உடனே கழுவாமல் கொஞ்ச நேரம் சாமி அலமாரிக்குக் கீழே வைத்துவிடுவார்.

அந்தப் பத்து நாளும் வாசலில் சுளகு நிறைய அரிசியும் பக்கத்தில் சில்லறை டப்பாவும் இருக்கும். ‘யாரு, எந்த ஊரு’ என்று வேஷக்காரரைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வாசலுக்கு வந்தாச்சா, போடணும். அவ்வளவுதான்.

அது சாமி காரியம், இது பிள்ளைகள் விளையாட்டு. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் வேஷம் போட்டு வாசலில் வந்து கேட்பவரைப் பிச்சைக்காரர் என்று நினைக்க எனக்கு வரவே வராது. நான் வளர்ந்த விதம் அப்படி.

அக்டோபர் 8, சாயங்காலம்

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்த புதிதில் மூத்தவனுக்குப் பள்ளியில் ஓர் ஆரஞ்சு நிற அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போகணும். மிட்டாயோடு சேர்த்து அதில் சில்லறையும் போடுவார்கள். அந்தக் காசு ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்புக்குப் போகும். 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கி, 1955இல் கனடாவுக்கு வந்த வழக்கம். 2006இல் கனடாவில் அந்தப் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குக் குலசை உண்டியல்தான் ஞாபகம் வந்தது. வேஷம் போட்டு வாங்கிய காசைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது. நிறுத்தியதில் எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

அக்டோபர் 10

என்ன வாங்குவது என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். சின்ன சாக்லேட் கலந்த பெரிய பெட்டி எல்லாக் கடையிலும் இப்போதே அடுக்கியிருக்கும். கிட்கேட், காஃபி கிரிஸ்ப், ஏரோ, ஸ்மார்ட்டீஸ் நாலும் சேர்ந்தது நல்லது. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு, அதனால் வேர்க்கடலை இல்லை என்று பெட்டியிலேயே குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரீசஸ், ஓ ஹென்றி இரண்டிலும் கடலை உண்டு, அதனால் அவை சேர்ந்த பெட்டியை நான் வாங்குவதில்லை. கூடவே சின்னச் சிப்ஸ் பாக்கெட் ஒரு பெட்டி. பிள்ளைகள் முதலில் கை வைப்பது அதில்தான்.

கம்மி பியர், மார்ஷ்மெல்லோ வகையில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். எங்கள் தெருவில் முஸ்லிம் பிள்ளைகளும் சைவ வீட்டுப் பிள்ளைகளும் நிறைய. வாங்கிக்கொண்டு போய் வீட்டில் அம்மா எடுத்து வைத்துவிட்டால் பிள்ளைக்கு ஏமாற்றம்தானே. அதைத் தவிருங்கள்.

நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் எந்த வீட்டு வாசலிலாவது இருந்தால், அந்த வீட்டில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குத் தனியாக ஸ்டிக்கர், பென்சில், பொம்மை என்று ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 2014 வாக்கில் அமெரிக்காவில் பரவிய வழக்கம் இது. பூசணி வாங்கிச் சாயம் அடிக்க நேரமில்லாவிட்டால் காகிதத்தில் வரைந்து ஒட்டினாலும் போதும்.

அக்டோபர் 12

இன்று குலசையில் சூரசம்ஹாரம். கடற்கரையில் நிற்க வேண்டிய நாளில் இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

மீசை முளைத்த பையன்கள் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொடுங்கள். இங்கே நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் பாதர்ஸ்ட் என்ற ஊரில் 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் மிட்டாய் கேட்டுப் போகக் கூடாது என்று சட்டமே வைத்திருந்தார்கள். 2017இல் அந்த வயதை 16 ஆக்கினார்கள். எனக்கு இந்தச் சட்டத்தை ஏற்க முடியவில்லை. பதினைந்து வயதுப் பையன் சனி ஞாயிறு ராத்திரியில் எங்கெங்கோ போகலாம். அவன் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து சாக்லேட் கேட்கிறான் என்றால் இன்னும் ஒரு வருஷம் பிள்ளையாக இருக்க ஆசைப்படுகிறான். அதைப் பிடுங்குவானேன்? அதோடு, பன்னிரண்டு வயதில் ஆறடி வளர்கிற பிள்ளைகள் உண்டு. வளர்ந்த உடம்பும் சின்ன மனசுமாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. வாசலில் நின்று வயது கேட்டால் காயப்படுவது அவர்கள்தான்.

வேஷமே போடாமல் வந்தாலும் கொடுங்கள். வேஷம் வாங்கக் காசு வேண்டும்.

அக்டோபர் 14

இன்று நன்றி நவிலும் நாள், விடுமுறை. கொஞ்சம் விரிவாக எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

பேய் சமாச்சாரம் என்று கேட்டிருந்தீர்களே. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எங்கள் ஊருக்குப் பக்கத்து மணப்பாட்டில் அன்றைக்குக் கல்லறைகளுக்குப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தின ராத்திரிதான் இந்த ஹாலோவீன். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய கெல்டிக் மக்களின் சாவன் பண்டிகையும் இதே சமயம், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரம். செத்தவர்களை நினைக்கும் பருவம் என்று எடுத்துக்கொண்டால் நமக்குப் புதிது இல்லை. நாமும் இப்போதுதான் மகாளய அமாவாசை கும்பிட்டு முடித்தோம்.

வீடு வீடாகப் போகும் வழக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து வந்தது. அங்கே பிள்ளைகள் வேஷத்தில் வந்தால் மட்டும் போதாது, ஒரு பாட்டோ கவிதையோ நகைச்சுவையோ சொன்னால்தான் பண்டம். கொலு வீட்டில் பாடினால்தான் சுண்டல் என்று நம் பாட்டிமார் பிடிவாதம் பிடிப்பார்களே, அதேதான். இங்கே பூசணியைக் குடைந்து உள்ளே விளக்கு வைக்கிறார்கள், அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து வைத்தார்கள். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டி மாய்ன் நகரத்தில் இன்றைக்கும் பிள்ளை ஒரு ஜோக் சொல்லியாகணும். அங்கே 31ஆம் தேதிக்கு முதல் நாளே போவது நெடுநாள் வழக்கமாக இருந்தது.

‘மிட்டாயா, குறும்பா’ என்று மிரட்டிக் கேட்கும் வாசகம் அச்சில் வந்த பழைய இடங்களில் ஒன்று நம் கனடாதான். ஆல்பர்ட்டாவில் பிளாக்கி என்ற சின்ன ஊர். 1927 நவம்பரில் வந்த செய்தி. வண்டிச் சக்கரங்களையும் வாசற்கதவுகளையும் பீப்பாய்களையும் கழற்றிக்கொண்டுபோய்ப் பெரிய தெருவில் பரப்பிவிட்டார்களாம். அப்புறம் வீட்டு முன்வாசலிலும் பின்வாசலிலும் நின்று தின்பண்டம் கேட்டார்கள், வீட்டுக்காரர்களும் சந்தோஷமாகவே கொடுத்தார்கள் என்று போகிறது செய்தி. கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. இவ்வளவு அட்டகாசத்துக்குப் பிறகும் சந்தோஷமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் எல்லாம் அடங்கிப்போனது. 1947இல் ரேஷன் முடிந்த பிறகுதான் இப்போது நாம் பார்க்கிற அளவுக்கு ஊர் ஊராகப் பரவியது.

அக்டோபர் 19

விஷம், பிளேடு, ஊசி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பயம் நியாயம்தான், ஆனால் தகவல் வேறு. டெலவேர் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் தேடித் தேடி எடுத்துப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் கொடுத்த மிட்டாயில் விஷம் இருந்து ஒரு பிள்ளை செத்தது என்று உறுதியான சம்பவம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. டெக்சஸில் 1974இல் சயனைடு கலந்த மிட்டாயில் ஒரு பையன் செத்தது உண்மை. கொடுத்தது அவன் சொந்த அப்பா, காப்பீட்டுப் பணத்துக்காக. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள்.

உண்மையான ஆபத்து கார். 1975 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த சாலை மரணங்களை எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நடந்து போகிறவர்கள் காரில் அடிபட்டுச் சாகும் ஆபத்து இந்த ஒரு சாயங்காலத்தில் மற்ற நாளைவிட 43 சதவீதம் கூடுதல். கறுப்புத் துணியில், முகமூடியில் கண் பாதி மறைந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடுவார்கள். பிள்ளை கையில் டார்ச் கொடுங்கள், முதுகில் பளபளக்கும் பட்டை ஒட்டுங்கள். அன்றைக்கு வேலையிலிருந்து காரில் வருகிறவர்கள் நம் தெருவுக்குள் நுழைந்ததும் நடக்கிற வேகத்தில் வாருங்கள். இது ஒன்றுக்காவது என் பேச்சைக் கேளுங்கள்.

2007க்கு முன்னால் இன்னும் மோசம். அப்போதெல்லாம் கோடைக்காக ஒரு மணி முன்னால் வைத்த கடிகாரத்தை அக்டோபர் கடைசி ஞாயிறே பின்னால் தள்ளிவிடுவோம், 31ஆம் தேதி அஞ்சு மணிக்கே இருட்டு. இப்போது நவம்பர் முதல் ஞாயிறுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு மணி நேர வெளிச்சம் கூடுதல்.

அக்டோபர் 20

கிண்ணத்தில் நிரப்பி வாசலில் வைத்துவிட்டு உள்ளே டிவி பார்க்கலாமா என்று கேட்டவருக்கு ‘கூடாது’ என்று ஒரே வார்த்தையில் போட்டிருந்தேன். இன்று காலை ஒரு செவிலியர் தங்கை எழுதியிருக்கிறார், அன்று ராத்திரி அவருக்கு ட்யூட்டியாம். நீங்கள் தாராளமாக வையுங்கள் அம்மா. ‘ஆளுக்கு ஒன்று’ என்று எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போங்கள். வீட்டில் ஆள் இருந்துகொண்டே கதவைச் சாத்திக்கொள்வதைத்தான் நான் கூடாது என்கிறேன்.

காரணம் இருக்கிறது. வந்த புதிதில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் அடுக்குமாடியில் இருந்தோம். கீழே முகப்பில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள், மிட்டாய் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் வீட்டு எண்ணை எழுதலாம். அந்த வருஷம் அதில் கொஞ்சம் எண்கள்தான். அதனால் மூத்தவனைக் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தனிவீட்டுத் தெருவுக்குப் போனேன். கடையில் வாங்கிய புலி வேஷம், குளிருக்காக உள்ளே போட்ட கோட்டினால் வயிறு உப்பிப் புலி கர்ப்பமாக இருக்கிற மாதிரித் தெரிந்தது. மூன்றாவது வீட்டில் ஓர் அம்மாள் சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, ‘எந்தத் தெருவில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டார். அடுக்குமாடியைக் காட்டினேன். ‘ஓ’ என்றார். கொடுத்தார், கொடுக்காமல் இல்லை. ஆனால் அந்த ‘ஓ’ இன்னும் எனக்குள் இருக்கிறது. பையனுக்கு ஒன்றும் புரியவில்லை, அடுத்த வீட்டுக்கு ஓடினான். எனக்குத்தான் கால் நகரவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு சீனத் தாத்தா. ஆங்கிலம் அவருக்கும் வராது, எனக்கும் அப்போது தட்டுத் தடுமாறித்தான். பையனின் வாலைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டார். உள்ளே கூப்பிட்டு மனைவியிடம் காட்டினார். இந்த நாட்டில் முன்பின் தெரியாதவர் ஒருவர் எனக்காகக் கதவைத் திறந்து சிரித்தது அதுதான் முதல்முறை. சாக்லேட்டைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இது கடையில் கிடைக்காது, கிண்ணத்திலும் கிடைக்காது.

வெளித் தெருப் பிள்ளைகள் காரில் வந்து இறங்குகிறார்கள் என்று குறைப்பட்டு எழுதியவருக்கும் இதுதான் என் பதில்.

அக்டோபர் 25

தீபாவளி என்பதால் முறுக்கு, அதிரசம் கொடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். தெரிந்த வீட்டுக்குத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு வேண்டாம். உறை பிரிக்காத கடைச் சரக்கைத் தவிர மற்றதைப் பெற்றோர் குப்பையில் போட்டுவிடுவார்கள். நம் உழைப்பு வீணாகும்.

கோவில்பட்டி கடலை மிட்டாய் பாக்கெட்டில் கிடைக்கிறதே என்று ஒருவர். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், எங்கள் மாவட்டம், எனக்குப் பெருமை இல்லாமலா? ஆனால் அது முழுக்க முழுக்க வேர்க்கடலை. நம் ஒன்டாரியோ மாநிலத்தில் ஒவ்வாமையால் சப்ரினா என்ற மாணவி இறந்த பிறகு, சப்ரினா சட்டம் என்று பள்ளிகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. மிட்டாயை நீங்கள் சாப்பிடுங்கள், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு வாருங்கள்.

அக்டோபர் 29

முக்கியம். அகல் விளக்கைப் படிக்கட்டிலும் வாசல் நடையிலும் வரிசையாக வைக்காதீர்கள். இளவரசிப் பாவாடையும் பேய் அங்கியும் மெல்லிய பாலியஸ்டர், தரையில் இழுபடும். ஒரு பொறி போதும். அகலைச் சன்னலுக்கு உள்பக்கம் வையுங்கள், படியில் பேட்டரி விளக்கு வையுங்கள். ஈர இலைச் சருகைப் பெருக்கிவிடுங்கள், வழுக்கும். கோலம் போடலாம், மிதித்து அழிப்பார்கள், வருத்தப்படாதீர்கள்.

நவம்பர் 1

கால் கெஞ்சுகிறது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாயங்காலம் பட்டுப் புடவையில் வாசலில் நின்றேன். ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்து, ‘உங்கள் வேஷம் ரொம்ப அழகு’ என்றாள். நன்றி சொல்லி இரண்டு சாக்லேட் போட்டேன்.

வழக்கத்துக்கு மாறாகக் குளிரே இல்லை. கோட்டு போடாத சூப்பர்மேன்களை ரொம்ப நாளைக்கப்புறம் பார்த்தேன்.

ஒரு பையன், ஏழெட்டு வயதிருக்கும், எதுவும் பேசவில்லை. தட்டை நீட்டினேன். ஒவ்வொரு சாக்லேட்டாக எடுத்து, உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். அவன் அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்ல வந்தார், நான் தலையசைத்தேன். கடைசியில் சிவப்புக் கிட்கேட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டான். பின்னால் நின்ற பிள்ளைகளில் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. அதில் இரண்டு பேர் நான் சொன்ன மீசைக்காரர்கள்.

நவம்பர் 1, ராத்திரி

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். விளக்கு எரிந்ததாம், ஏழு மணிக்கே சிப்ஸ் தீர்ந்ததாம், மனைவி தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டெல்லாம் போய்விட்டதாம். எதிர்வீட்டுக்காரர் அவர் மகளுக்கு ஒரு முழு அளவு சாக்லேட் கொடுத்துப் பெயரும் கேட்டுக்கொண்டாராம். படித்துவிட்டுச் சமையலறையில் இவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

நவம்பர் 3

இன்று காலை கடிகாரம் ஒரு மணி பின்னால் போனது, மறந்தவர்கள் மாற்றுங்கள்.

பூசணியை என்ன செய்வது: மெழுகுவத்தியை எடுத்துவிட்டு மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போடுங்கள், உரமாகும். டொராண்டோ சொராரன் பூங்காவில் 2004 முதல், ஹாலோவீனுக்கு மறுநாள் சாயங்காலம் தெருக்காரர்கள் எல்லோரும் தாங்கள் குடைந்த பூசணியைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து விளக்கேற்றுவார்கள். மொத்தமாக உரத்துக்குப் போய்விடும். இந்த வருஷத்துக்கு முடிந்துவிட்டது, அடுத்த தடவை பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

மீந்த சாக்லேட்டைப் பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த வருஷம் 31 வெள்ளிக்கிழமை. மறுநாள் பள்ளி இல்லை, கூட்டம் இன்னும் அதிகம் வரும். தம்பி, சிப்ஸ் இரண்டு பெட்டியாக வாங்குங்கள்.